எங்க ஆளுன்னு எழுதிக்கோங்க

சேசு மரி சூசை
திண்டுக்கல்,
8 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு மலர்விழி எழுதுவது.

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? இடுப்பு வலி குறைந்ததா?

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போது அம்மா ஒரு பக்கமும் சேவியர் மாமா ஒரு பக்கமும் நிற்கிறார்கள். "நல்லாருக்கோம், நீங்க நல்லாருக்கீங்களா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. தமிழ்ப் பரீட்சையில் ஒவ்வொரு வருடமும் இல்லாத நண்பனுக்கு இல்லாத ஊரிலிருந்து கடிதம் எழுதி மதிப்பெண் வாங்குகிறேன். இருக்கிற அப்பாவுக்கு ஒன்றுகூட எழுதியதில்லை.

பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டது. சமூக அறிவியல் புத்தகத்தை முதல் வாரத்திலேயே படித்து முடித்துவிட்டேன். அதில் அரசையும் வரிகளையும் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் அமெரிக்காவில் வரி கட்டுகிறீர்களா? அந்தப் பணத்தை வைத்து என்ன செய்கிறார்கள்?

இன்னொரு கேள்வி. என் வகுப்புப் பவித்ராவின் அப்பா துபாயிலிருந்து வருடம் ஒரு முறை வருகிறார். நீங்கள் போனபோது எனக்கு நான்கு வயது. இந்த முறை நம் கோயில் தேருக்கு வருவீர்களா?

அம்மா கொஞ்சம் மெலிந்திருக்கிறார். வெயில்தான் காரணம் என்று எழுதச் சொன்னார்.

தங்கள் அன்பு மகள்,
ஆ. மலர்விழி


சேசு மரி சூசை
நியூ ஜெர்சி,
5 ஜூலை 2025

என் தாயி மலருக்கு அப்பா ஆரோக்கியதாஸ் எழுதுவது. நான் நல்ல சுகம். இடுப்பு வலி பரவாயில்லை. உன் சுகமும் அம்மா சுகமும் அறிய ஆவல்.

கடிதத்தை இஷாக் மாமாதான் வாசலில் இருந்து எடுத்து வந்தார். என்னோடு அறையில் இருக்கும் நம்மூர்ப் பேகம்பூர்க்காரர் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான். நம் ஊர் ஸ்டாம்பைப் பார்த்ததும் கவரைத் தர மாட்டேன் என்று விளையாடினார். அப்புறம் கடையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். உன் கையெழுத்து அம்மா கையெழுத்து மாதிரி இருக்கிறது.

வரி கட்டுகிறேன் தாயி. கடையில் சம்பளம் போடும்போதே பிடித்துவிடுவார்கள். ஒன்று அரசாங்கத்துக்கு. ஒன்று இந்த ஊர் வயசாளிகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் பென்ஷனுக்கு. ஒன்று அவர்கள் வைத்தியத்துக்கு. ஏப்ரல் மாதம் நானும் தனியாகக் கணக்குக் கொடுப்பேன். ஒரு வருடமும் விட்டதில்லை. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவிக்கொண்டு லாரி போகும். அதில் ஒரு பிடி நம் உப்பு என்று நினைத்துக்கொள்வேன். கடைக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் சுவரில் நான்கு செங்கல் நம்முடையதாக இருக்கும்.

தேருக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. கடையில் ஆள் குறைவு. நன்றாகப் படி. அம்மாவை வெயிலில் பூப்பறிக்கப் போக வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அப்பா


சேசு மரி சூசை
திண்டுக்கல்,
27 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு மலர்விழி எழுதுவது. நாங்கள் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

தங்கள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். உப்பு லாரியைப் பற்றிப் படித்ததும் டீச்சர் கை தட்டச் சொன்னார். பின் பெஞ்சில் இருந்து விக்னேஷ்குமார் எழுந்து, "அம்புட்டு வரி கட்டுறவருக்கு ஒரு வாரம் லீவு குடுக்க மாட்டானாக்கும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி என்று தோன்றியது.

அதனால் நேராகவே கேட்கிறேன். மாமா யாரிடமோ "அவரு அங்க பேப்பர் இல்லாமத்தான் இருக்காரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது உண்மையா அப்பா? நான் சின்னப் பிள்ளை இல்லை. படிக்கிற பிள்ளையிடம் மறைக்கக் கூடாது.

அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அதனால்தான் போனில் தலையில் துண்டு கட்டியிருக்கிறார். வேண்டுதல் என்னவென்று வெளியே சொல்லக் கூடாதாம்.

தங்கள் அன்பு மகள்,
ஆ. மலர்விழி


சேசு மரி சூசை
நியூ ஜெர்சி,
20 ஆகஸ்ட் 2025

என் தாயி மலருக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ கேட்டது உண்மை. சுற்றிப் பார்க்க வருவதாகச் சொல்லி ஆறு மாத விசாவில் வந்தேன். ஆறு மாதம் முடிந்து திரும்பவில்லை. பாஸ்போர்ட்டும் காலாவதியாகி நான்கு வருடம் ஆகிறது. என் மாதிரி ஆட்களுக்கு இங்கே வரி கட்டுவதற்கென்றே ஓர் எண் தருகிறார்கள். அந்த எண்ணைக் காட்டி வேலை கேட்க முடியாது, தங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. கட்ட மட்டும் முடியும். நான் கட்டும் பென்ஷனும் எனக்கு வராது.

ஏப்ரல் வந்தால் இஷாக் மாமா தலையில் அடித்துக்கொள்வார். "ஏலே, ஆள் இருக்கிறதே தெரியக் கூடாதுன்னு ஒளிஞ்சு திரியிறோம். நீ வருசா வருசம் போயி, நான் இந்த வீட்லதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு வர்றியே" என்பார். என்றைக்காவது ஒருநாள் கூப்பிட்டு, நீ எப்படிப்பட்ட ஆள் என்று கேட்பார்கள் தாயி. அன்றைக்கு எடுத்துக் காட்ட என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது புறப்பட்டு வந்தால் திரும்ப விட மாட்டார்கள். உன் படிப்பு முடியட்டும். அதுவரை பொறுத்துக்கொள்.

அம்மாவின் வேண்டுதல் எனக்காக என்றால், முடியைக் கொடுத்தது போதும் என்று சொல். அந்த நீள முடியை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா


சேசு மரி சூசை
திண்டுக்கல்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு மலர்விழி எழுதுவது. நலம். நலமறிய ஆவல்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மல்லிகை விலை ஏறியிருக்கிறது. காலாண்டுப் பரீட்சை வருகிறது. தாடிக்கொம்பு ரோட்டில் பாலம் வேலை நடப்பதால் பஸ் சுற்றிப் போகிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள் அன்பு மகள்,
ஆ. மலர்விழி


சேசு மரி சூசை
12 அக்டோபர் 2025

என் தாயி மலருக்கு அப்பா எழுதுவது. நான் நல்ல சுகம். கவலைப்பட ஒன்றும் இல்லை.

பென்சிலில் எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே. இங்கே பேனா கைவசம் இல்லை. நான் வேறு கடைக்கு மாறிவிட்டேன். பெரிய இடம். ஒரே ஹாலில் நிறையப் பேர் தங்கியிருக்கிறோம். சட்டை, சாப்பாடு எல்லாம் அவர்களே தருகிறார்கள். அடிக்கடி போன் பேச விட மாட்டார்கள். வேறு வேறு நம்பரிலிருந்து இரண்டு நிமிடம் பேசினால் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். கடிதத்தை இஷாக் மாமா முகவரிக்கே போடு. அவர் சேர்த்துவிடுவார்.

உன் போன கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. என் மேல் கோபமா?

அன்புடன்,
அப்பா


சேசு மரி சூசை
திண்டுக்கல்,
7 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மா சுகமாக இல்லை. இதை எழுதக் கூடாது என்று அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று அதை மீறுகிறேன். இரண்டு நாள் முன்பு நான் ஒரு போலீஸ்காரரிடம் பொய் சொன்னேன். அதை எழுத வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. மதுரையில் வைத்தியம் பார்க்கிறோம். மொட்டை வேண்டுதல் இல்லை. ஊசி போட்டதில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதனால் மாமா நம் வீட்டுக் கிணற்றடியில் வைத்தே வழித்துவிட்டார். வேளாங்கண்ணி என்றால் நீங்கள் நம்புவீர்கள் என்று அம்மாதான் சொன்னார். உங்களுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவீர்கள், திரும்ப முடியாது, பிறகு என் படிப்பு நின்றுபோகும் என்பது அம்மாவின் பயம்.

ஊசிச் செலவு நம்மால் தாங்க முடியவில்லை. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. அதற்கு வருமானச் சான்று கேட்டுப் போனோம். "புருசன் அமெரிக்காவுல இருக்கான், உனக்கு எதுக்கும்மா கார்டு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா யாரிடமோ கேட்டு வந்து ஒரு வழி சொன்னார். கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்றிதழ் வாங்கினால் உங்கள் வருமானத்தைச் சேர்க்க மாட்டார்களாம். அம்மா முடியாது என்றார். இரண்டு ஊசி தள்ளிப்போன பிறகு சரி என்றார். விசாரணைக்கு வந்தவர், "எம்புட்டு நாளா வரல?" என்று கேட்டார். "பதினோரு வருசமா" என்றார் அம்மா. அது பொய் இல்லை. ரேஷன் கார்டில் உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டை வந்தது.

அதற்குப் பிறகு, யார் வந்து கேட்டாலும் அப்பா எங்கே என்று தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை ஒரு போலீஸ்காரர் கையில் பேப்பரோடு வந்தார். அம்மா ஊசி போட்டு வந்து உள்ளே படுத்திருந்தார். மாமா இல்லை. "ஆரோக்கியதாஸ்ங்கிறது யாரு பாப்பா? இந்த வீட்டு ஆளா?" என்று கேட்டார். அட்டை விஷயமாக யாரோ மனுப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு சார். எங்க இருக்காருன்னு தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

அவர் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். உங்கள் பெயர் இல்லை. அதையும் எழுதிக்கொண்டார். "நல்லாப் படி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பந்தம் இல்லை என்பதை மாமா சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகச் சேர்த்தேன். கூட்ட மாட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

மலர்விழி


நியூ ஜெர்சி,
24 நவம்பர் 2025

மலர் பாப்பாவுக்கு இஷாக் மாமா எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் நான் நலம். அம்மா உடம்பு தேற தினமும் துஆ செய்கிறேன்.

உன் கடிதத்தைப் பிரித்ததற்கு மன்னித்துக்கொள். உங்கள் அப்பா இருக்கிற இடத்தில் போனில் படித்துக் காட்டினால்தான் உண்டு. சேவியரிடம் நேற்றே போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் உன்னிடம் எப்படிச் சொல்வாரோ என்றுதான் தனியாக எழுதுகிறேன்.

அப்பா கடை மாறவில்லை. செப்டம்பர் கடைசியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் வேனை நிறுத்திப் பிடித்துவிட்டார்கள். காவலில் இருக்கிறார். நீங்கள் பதறுவீர்கள் என்று என்னிடமும் வாக்கு வாங்கிவிட்டார். அப்பா கேட்டபடி வரி கட்டிய காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். பதினோரு வருடத்தது. அதிகாரி புரட்டிப் பார்த்து, நல்லது என்றாராம். பிறகு அதையும் அப்பாவின் பெல்ட், செருப்போடு சேர்த்து மூட்டை கட்டி நம்பர் ஒட்டி வைத்துவிட்டார்.

கேஸ் எதுவும் நடத்த வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் காலாவதியானதால் இவர் எங்கள் நாட்டு ஆள்தான் என்று இந்தியாவிலிருந்து எழுதி வர வேண்டும். அதற்காகத்தான் அந்தப் போலீஸ்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தது. அங்கிருந்து, விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

நீ பச்சைப் பிள்ளை. உனக்கு எப்படித் தெரியும்? அவரும் மறைத்தார், நீங்களும் மறைத்தீர்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அழாதே பாப்பா.

இப்படிக்கு,
இஷாக்


சேசு மரி சூசை
30 நவம்பர் 2025

என் தாயி மலருக்கு அப்பா எழுதுவது. நான் சுகம்.

உன் கடிதத்தை இஷாக் மாமா போனில் படித்தார். பாதியில் நேரம் முடிந்து, மறுநாள் மீதியைப் படித்தார். அந்த ஒரு நாள் நான் இருந்த இருப்பு யாருக்கும் வேண்டாம். ஏப்ரலில் கட்டி என்று தெரிந்திருக்கிறது. அதே ஏப்ரலில் இந்த ஊர் வயசாளிகளின் வைத்தியத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது பொய் இல்லை தாயி. விட்டுவிட்டுத்தானே வந்தேன். போலீஸ்காரருக்கு நீ சொன்ன பதிலை இனி நினைக்காதே.

இவர்களும் என்னை அனுப்பத்தான் பார்க்கிறார்கள். நானும் போகத்தான் தவிக்கிறேன். நடுவில் ஒரு காகிதம் இல்லாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். சமையல் கட்டில் பாத்திரம் கழுவுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு டாலர். இந்த நாட்டில் வரி பிடிக்காமல் நான் வாங்கும் முதல் சம்பளம்.

இனி எதையும் மறைக்காதே. எதுவானாலும் எழுது. அம்மாவிடம் நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்.

அப்பா


சேசு மரி சூசை
திண்டுக்கல்,
20 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு மலர்விழி எழுதுவது. அம்மாவால் எழுந்து உட்கார முடிகிறது. கஞ்சி குடிக்கிறார்.

மாமா மூன்று வாரம் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தார். முந்தாநாள் அதே போலீஸ்காரர் மறுபடி வந்தார். கோபமாக இருந்தார். "அன்னைக்கு யாருமில்லைன்னீங்க. இன்னைக்கு இருக்காருங்கிறீங்க. நான் என்னத்த எழுத?" என்றார். மாமா பக்கத்தில் போய் மெதுவாகச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னார். போலீஸ்காரர் குரலை இறக்கி விளக்கினார். ஒரே வீட்டில் கைவிட்டுப் போனவன் என்று ஒரு சான்றும், இந்த வீட்டு ஆள் என்று ஒரு சான்றும் இருக்க முடியாது. இதை எழுதினால் கைவிட்ட சான்று ரத்தாகும், காப்பீட்டு அட்டையும் போகும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மாமா, ஊசி முடியும்வரை இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றார். என்னைப் பார்த்தார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தலையில் துண்டு இல்லை.

"கார்டு போனாப் போவுது சார். அவர எங்க ஆளுன்னு எழுதிக்கோங்க" என்றார்.

"செத்த நேரம் யோசிம்மா."

"யோசிச்சுட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

கல்யாணப் பதிவேட்டின் நகலைப் பங்குச்சாமி எழுதித் தந்தார். அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மாமா ஊசிக்காகத் தன் வண்டியை விற்கப் பார்க்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார். எதையும் மறைக்காதே என்று நீங்கள் எழுதியதால் இதையும் எழுதுகிறேன்.

அரையாண்டுப் பரீட்சையில், மக்கள் ஏன் வரி செலுத்த வேண்டும் என்ற கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

தங்கள் அன்பு மகள்,
ஆ. மலர்விழி


சேசு மரி சூசை
திண்டுக்கல்,
11 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் காகிதம் வந்துவிட்டது என்றும், இருபத்தோராம் தேதி மதுரையில் இறங்குவீர்கள் என்றும் இஷாக் மாமா வியாழக்கிழமை போனில் சொன்னார். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் உங்களைத் தாண்டிப் போய்விடும். கையில் தருகிறேன். அம்மா இறந்தது உங்களுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அதை எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி நீங்கள் பேசியபோது நான்தான் போனை அம்மா காதில் வைத்துப் பிடித்திருந்தேன். "சாப்டீங்களா? தொட்டுக்க வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. லேசாகச் சிரித்தார். நேரம் முடிந்து போன் நின்ற பிறகும் காதிலிருந்து எடுக்க விடவில்லை. பிறகு, "அவரு வர்றப்ப எனக்கு அந்தப் பச்சைத் துண்டக் கட்டிவிடு. சும்மா பாத்தா பயந்துருவாரு" என்றார்.

ஐந்தாம் தேதி காலையில் மூச்சு வாங்கியது. மாமா ஆட்டோ பிடிக்கப் போனார். வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். வலித்ததா என்று தெரியவில்லை. முகம் வலித்த மாதிரி இல்லை.

தவறிப்போன ஊசிகளால்தானா என்று மதுரை டாக்டரிடம் மாமா போனில் கேட்டார். ஈரலுக்கு முன்பே பரவிவிட்டது, போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். பெரிய வித்தியாசம் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கச் சொன்னேன். மாமா கேட்கவில்லை.

ஒரு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். உங்களை விடமாட்டார்கள் என்று உறுதியான பிறகு எடுத்தார்கள். பச்சைத் துண்டை நான்தான் கட்டிவிட்டேன். கல்லறையில் சிலுவைக்குப் பெயர் எழுத வந்த ஈஸ்வரன் அண்ணன், என்ன எழுத என்று கேட்டார். மாமா அந்தச் சான்றிதழ் இன்னும் ரத்தாகவில்லையே என்ற யோசனையில் ரோஸ்லின் என்று மட்டும் எழுதச் சொன்னார். நான் விடவில்லை. "ஆரோக்கியதாஸ் மனைவி ரோஸ்லின்" என்று எழுதியிருக்கிறது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

இன்று ஏழாம் நாள் பூசை. வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். அப்பா எப்போது வருகிறார் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நான் தேதியைச் சொன்னேன். பந்தல் விளக்கின் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் வந்ததும் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். இப்போது ஒன்றும் நினைவில் இல்லை. வாசலில் நாற்காலிகளை அடுக்குகிறார்கள். விளக்குப் போட்டவர் வயரைச் சுருட்ட வந்து நிற்கிறார். "முடிஞ்சுச்சா பாப்பா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.